ஃபிர்அவ்னின் புதையல்

எங்கள் வீட்டுச் சம்சாவைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. மாவை மெல்லியதாக இழுத்து, கல்லில் ஒரு பக்கம் மட்டும் வாட்டி, உருளைக்கிழங்கு வைத்து மடிப்பது நான். எண்ணெயில் போட்டு எடுப்பது சைதா மாமி. பர்மாவில் எங்கள் தாகேதா சந்தையைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளுக்கு எங்கள் சம்சாதான் போகிறது. எல்லாம் நடந்து முடிந்த பிறகும் ஒரு காலைகூட நிற்காமல் போகிறது.

சைதா மாமி என் வாப்பாவின் அக்கா. வாப்பாவும் உம்மாவும் மவுத்தான பிறகு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அப்போது நான் பள்ளியை விட்டிருந்தேன். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. மாமி அதற்காக என்னை ஒரு நாளும் திட்டவில்லை.

"பேச வராட்டி என்ன புள்ள, மடிக்க வருதுல்ல" என்றார்.

அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவருடைய ஒரே மகன் உஸாமா எனக்கு மச்சான் முறை. தன்லியினில் ஒரு தையல் ஆலையில் வேலை. பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேராக அடுப்படிக்கு வருவார். கொதிக்கக் கொதிக்க ஒரு சம்சாவை எடுத்து வாய்க்கும் கைக்கும் மாற்றிக்கொண்டே என்னைக் கேட்பார்.

"என்ன மிஸ்பா பூனை, இன்னிக்கி எத்தனை வார்த்தை பேசுன?"

நான் ஒரு விரலைக் காட்டுவேன்.

"ஒண்ணா? அடேயப்பா. தொண்டை வத்திப்போயிருக்கும், சுடுதண்ணி குடி."

என்னிடம் தினமும் அப்படிப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு பட்டாளத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் வார்டில் பையன்களின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மச்சானின் பெயர் முதல் குலுக்கலில் வரவில்லை. அடுத்ததில் வரும் என்று மாமி பயந்தார். அதற்கு முன் அவரை மலேசியாவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஓர் ஆளைப் பிடித்து, வளையலையும் சங்கிலியையும் விற்றுப் பணத்தைத் தன் போனில் போட்டு வைத்தார். அந்த ஆள் கேட்டதற்குக் கொஞ்சம்தான் குறைந்தது. ரமலான் சம்சா வியாபாரத்தில் அதுவும் சேர்ந்துவிடும்.

மச்சான் மலாய் வார்த்தைகள் கற்றுக்கொண்டிருந்தார். "மாக்கான்னா சாப்பிடுறது, பூனைக்குக் கூச்சிங்" என்று எனக்குச் சொல்லிக் காட்டினார். அவர் சிரித்த சிரிப்பில், போவதற்கு அவர் எவ்வளவு ஆசையாக இருக்கிறார் என்று தெரிந்தது.

மாமியின் போனில் காசு வைத்து ஆடும் ஒரு விளையாட்டை நான்தான் இறக்கினேன். ஐந்து வரிசை சுழலும். தங்கப் பருந்து, வண்டு, ஒற்றைக் கண், நடுவில் பாம்புக் கிரீடம் வைத்த எகிப்து ராஜா. முதலில் காசு போடாமல் பழகிப் பார்க்கலாம். பழகும்போது அடிக்கடி ஜெயிக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியும். மாமியிடம் பழகும் ஆட்டத்தைத்தான் காட்டினேன்.

"யாரு இது, பொம்பளை மாதிரி மை போட்டிருக்கான்?"

"ஃபிர்அவ்ன், மாமி. மிஸ்ரு நாட்டு ராஜா."

"மூசா நபிய விரட்டுனவனா? மூஞ்சியப் பாரு."

"அவன் புதையலத்தான் நாம எடுக்குறோம்."

மாமி ஐந்து வேளையும் தொழுகிறவர். லாட்டரிச் சீட்டு விற்கிற வண்டி தெருவில் வந்தால் கதவைச் சாத்துவார். "சூது ஹராம் புள்ள" என்றார். அன்று நான் என் வாழ்க்கையிலேயே அதிகம் பேசினேன். சூது என்றால் மனிதனிடம் மனிதன் பிடுங்குவது, இங்கே எதிரே ஆள் கிடையாது, மூசா நபியின் கூட்டம் மிஸ்ரை விட்டுப் போகும்போது அந்த ஊர் நகைகளைச் சுமந்துகொண்டுதானே போனது என்று சொன்னேன்.

மாமி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அந்த நகைய உருக்கித்தான் காளைக்கன்னு செஞ்சாங்க, அது தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு, "கொறையிறது மட்டும் கெடச்சா போதும். நிறுத்திடுவோம்" என்றார்.

மாமிக்கு அரபு எழுத்துத் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாது. எண்ணெய்க் கையில் போனும் கேட்காது. அதனால் காசு போடுவதும் சுழற்றுவதும் நானே. அவர் கரண்டியோடு பக்கத்தில் நின்று, "கொடுடா நாசமாப் போறவனே" என்று ஃபிர்அவ்னைத் திட்டுவார். மச்சானுக்குச் சொல்லக் கூடாது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். சில நாள் ஜெயித்தது. பல நாள் போயிற்று. போனதை எடுக்க இன்னும் போட்டோம். வளையல் முதலில் போனது. சங்கிலியும் பாதி போனது.

ஒரு மத்தியானம், சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது, ராஜா ஐந்து வரிசையிலும் வந்து நின்றான். திரை முழுக்கத் தங்கம் கொட்டியது. போனதெல்லாம் திரும்பி, குறைந்ததும் சேர்ந்துவிட்டது. மாமி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

"முடிஞ்சிருச்சு புள்ள. எம்புள்ள பொழச்சான். எடுத்துரு, போதும்."

திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. மாமி விரலை முக்காட்டில் அழுந்தத் துடைத்து, பிஸ்மில்லா சொல்லி, ஒன்றைத் தொட்டார். ஒரு வண்டு வந்து சிறகை விரித்தது. உள்ளே மணல் இருந்தது. தங்கம் எல்லாம் மணலாகிக் கீழே இறங்கிப் போனது. மாமி நெடுநேரம் அடுத்த படத்துக்காகக் காத்திருந்தார்.

அடுத்த குலுக்கலில் மச்சானின் பெயர் வந்தது. ஒளிந்துகொள்ளக் கியாக்தானில் கட்டிக்கொடுத்திருந்த தன் லாத்தா, மாமியின் மூத்த மகள் சாயிமாவின் வீட்டுக்குப் புறப்பட்டவரைப் பாலத்துக்குப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கிருந்தோ ஒரு முறை போன் செய்தார். மாமி அழுதுகொண்டே போனை என்னிடம் கொடுத்தார்.

"பூனையா? உம்மாவப் பாத்துக்க" என்றார்.

"சரி மச்சான்" என்றேன். அன்றைக்கு இரண்டு வார்த்தை.

மழைக்காலம் முடியும் முன், அவரோடு இருந்த ஒரு பையன் செய்தி அனுப்பினான். எந்தக் காட்டில் அடக்கினார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை. சாயிமா லாத்தா வந்து, "சூதாடிக் கொன்னுட்டீங்களே உம்மா" என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. மாமி இப்போது சம்சா போடும்போது வலது ஆள்காட்டி விரலை மடக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் எடுக்கிறார். கை வழுக்கி எண்ணெய் தெறித்துச் சுடுகிறது. அந்த விரலை மட்டும் நீட்டுவதில்லை. நான் மருந்து தடவி விடுகிறேன். "நீயும் இல்லாட்டி நான் என்ன ஆவேன் புள்ள" என்கிறார். எங்களுக்குள் நல்ல ஒற்றுமை இருக்கிறது.

பொத்தானைப் பற்றிச் சொல்லவில்லை. ஒன்றில் 'எடுத்துக்கொள்' என்றும் மற்றதில் 'இரட்டிப்பு' என்றும் பர்மிய எழுத்தில் எழுதியிருந்தது. இரட்டிப்பில் தோற்றால் எல்லாம் போய்விடும். "எது புள்ள?" என்று மாமி என்னைத்தான் கேட்டார். நான் நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு இரட்டிப்பைக் காட்டினேன். நானே தொட்டிருக்கலாம், என் கை சுத்தமாகத்தான் இருந்தது. பெற்றவர் கையால் நடப்பதுதான் முறை என்று அப்போது தோன்றியது.

மலேசியாவுக்குப் போன பையன்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, வீட்டில் இருப்பவர்களை மறந்துவிடுகிறார்கள். மச்சானை அப்படி ஆக நான் விடவில்லை.