கடையிலேயே தூங்கிவிட்டவர்

தி. நகரிலிருந்து அடையாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மடியில், புதிதாக வாங்கிய, ஆள் படுக்கும் துணி ஊஞ்சல் மடித்தபடி இருந்தது.

"படுத்துப் பாக்கப் போயி, கடையிலயே தூங்கிட்டேன்" என்றார் அவர்.

"கடையிலயா டீச்சர்?"

"ஒரு ஆள் சைஸ்ல படுத்தா உடம்பை அப்படியே சுருட்டிடுச்சு. ரெண்டு ஆள் சைஸ்ல குறுக்கா படுத்தேன். கட்டில்ல படுத்தாப்ல முதுகு நேராயிடுச்சு. முதுகுவலி வந்ததுலேர்ந்து நான் இப்படித் தூங்குனதே இல்ல."

"யாரும் எழுப்பலையா?"

"மெதுவா பேசுங்கன்னு கடைக்காரரே மத்தவங்ககிட்ட சொன்னாராம்."

"வீட்ல, யாருக்கு இவ்ளோ பெருசுன்னு கேட்டா?"

"எனக்குன்னு சொல்லுவேன். எனக்கு மட்டும்."

இளையவர் மடியிலிருந்த ஊஞ்சலைப் பார்த்தார். பிறகு தயங்கி, "தொட்டுப் பாக்கலாமா டீச்சர்?" என்றார்.