தோல் முட்டை

என் கோழிகளுக்கு யாராவது தண்ணீர் வைத்தார்களா என்று தெரிந்தால் நிம்மதியாகப் பேசுவேன். ஆறு கோழிகள்தான். இந்த வெயிலில் தண்ணீர் குறைந்தால் முட்டை ஓடு கெட்டுப்போகும். சரி, பிறகு கேட்டுச் சொல்லுங்கள்.

இருபத்தாறு வருடம் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் இருந்தேன். விளக்குக்கு முன்னால் வரிசையாக வரும் பாட்டில்களில் விரிசல், குமிழி, கோணல் எது தெரிந்தாலும் ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பாட்டில் வெளியே போனதில்லை. ஓய்வு பெற்றதும் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். அத்தான் காலமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு ஒரு துணை, எனக்கு ஒரு வாய்ச் சோறு. பொழுது போக வேண்டுமே என்று கொல்லையில் கோழி வளர்த்தேன்.

இரண்டு வருடம் குறை சொல்ல முடியாத முட்டைகள். பிறகுதான் பிடித்தது சனியன். ஒன்றின் ஓடு உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருந்தது. இன்னொன்றின் நடுவில் சுற்றி ஒரு மடிப்பு. ராங்கி என்று நாங்கள் கூப்பிடும் சிவப்புக் கோழி ஓடே இல்லாத தோல் முட்டை போட ஆரம்பித்தது. கையில் எடுத்தால் கொழகொழவென்று நழுவும். தீவனத்தை மாற்றினேன். கூண்டுக்கு நிழல் போட்டேன். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேரட்டும் என்று கிளிஞ்சல் தூள் வைத்தேன், மகாராணிகள் அதைக் காலால் கிளறி இறைத்துவிட்டுப் போனார்கள். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வயசாயிடுச்சு சார். கிளிஞ்சலே போட்டுட்டு வாங்க. சரியானா உண்டு, இல்லன்னா வெட்டிச் சாப்பிடுங்க."

எனக்கு வயிறு எரிந்தது. தினம் காலையில் கூண்டுக்குள் கையை விட்டு, தினம் ஏமாந்து, தினம் அதே ஈரத் தோலைத் தொட்டால்தான் அந்த எரிச்சல் தெரியும்.

இதே சமயத்தில்தான் அக்காவுக்குக் கழுத்தில் கட்டியை எடுத்தார்கள். எடுத்ததில், உடம்பில் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் சின்னச் சுரப்பிகளும் போய்விட்டன. வேளாவேளைக்குக் கால்சியம் மாத்திரை, அது உடம்பில் சேர இன்னொரு மாத்திரை. ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். அவளால் விழுங்க முடியாது என்பதால் நான்தான் உரலில் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டுவேன். கிளம்பும்போது டாக்டர் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

"விரல் மரத்துப் போனாலோ, கை கோணி இழுத்தாலோ ஒரு மணி நேரத்துல இங்க இருக்கணும். அலட்சியமா இருந்துடாதீங்க."

நான் எதிலும் அலட்சியமாக இருந்தவன் இல்லை.

யோசனை எனக்கு வந்ததல்ல, அக்காவே கொடுத்தது. ஒரு நாள் நான் தோல் முட்டையை வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"உன் கோழிக்கும் எனக்கும் ஒரே வியாதிடா தம்பி. நான் முட்டை போடல, அவ்வளவுதான் வித்தியாசம்."

இருவரும் சிரித்தோம். அவளுக்கு அப்படிப்பட்ட வாய். அன்று மாலையே அவளுடைய பொடியில் பாதியைத் தவிட்டில் பிசைந்து வைத்தேன். ஒரு துளி மிச்சமில்லாமல் தின்றன. இரண்டே நாளில் சொரசொரப்பு குறைந்தது. பாதியிலேயே இவ்வளவு என்றால் முழுதும் கொடுத்துப் பார்ப்பதுதானே முறை. அக்காவுக்குக் கோதுமை மாவைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

"இப்பல்லாம் மருந்து நல்லாருக்குடா. அந்தச் சுண்ணாம்பு நாத்தமே இல்ல" என்றாள்.

எனக்குக்கூட அதில் ஒரு சந்தோஷம்.

வேறு மாத்திரை வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு நடுவில் அதை மாற்றினால், எதனால் குணமானது என்று எப்படித் தெரியும்? தொழிற்சாலையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். அக்கா மேல் எனக்குத் துளிக் கோபம் கிடையாது. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சனிக்கிழமை விரல் மரத்துப்போனது. தேய்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை நான் கூண்டருகில் இருந்தபோது கொல்லை வாசலுக்கு வந்து நின்றாள். இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் கூம்பிப் போயிருந்தன.

"விரிக்க முடியலடா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?"

"நாளைக்குக் காலையில போலாம்க்கா. போய்ப் படு."

சரி என்று போய்ப் படுத்தாள். நான் சொன்னால் கேட்பாள். மத்தியானம் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. நான் கொல்லையில்தான் இருந்தேன்.

ஆமாம், மருந்தை நிறுத்தியது நான்தான். கை கோணியதற்கு அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரியும். டாக்டர் அம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. ஆனால் அன்று காலை ஐந்து முட்டைகள். ராங்கி போட்டதையும் சேர்த்து ஐந்தையும் விளக்கில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றில்கூட ஒரு குறை இல்லை. எத்தனை மாதத்துக்குப் பிறகு. நீங்களே சொல்லுங்கள், ஒரே ஒரு நாள் முட்டையை வைத்துக்கொண்டு எப்படி ஒரு முடிவுக்கு வருவது?