இருபது பாயின்ட்டுக்குக் கீழே

"ஹலோ... பத்ரி, அக்கா பேசறேன். மீட்டிங்கை விட்டு வெளிய வா... முடியலேன்னா அங்கேயே உக்காந்து கேளு."

வெஸ்ட் வின்ட்சரில் தான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் பார்க்கிங்கில், காருக்குள் இருந்தபடி வள்ளி பேசினாள். பதினோரு வருஷமாக அங்கே எம்.ஆர்.ஐ எடுப்பவள்.

"நேத்து பாஸ்கெட்பால் மேட்ச்ல அந்தாளு இருபது பாயின்ட் எடுக்க மாட்டான்னு ஆப்ல எத்தனை 'நோ' வாங்கின?... ம்... ம்... லாபம் எவ்ளோன்னு நான் கேக்கலை."

நடக்கும் என்றால் 'யெஸ்', நடக்காது என்றால் 'நோ' என்று காசு போட்டு வாங்கி, சொன்னது பலித்தால் பணம் பார்க்கும் ஆப் அது. ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். ஒரு பெரிய பாஸ்கெட்பால் ஆட்டக்காரருக்கு அவசரமாக முழங்கால் ஸ்கேன், வர முடியாது என்று சொல்லியிருந்தாள். பெயரைச் சொல்லவில்லை. மேட்ச்களில் யார் நொண்டிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்து, மீதியை அவனே கண்டுபிடித்துக்கொண்டான்.

"ஆமா... ஆமா, பெட்டிங் இல்ல, ட்ரேடிங். ஆப்ல அப்படித்தான் போட்டிருக்கும்... லீகலா? ஊருக்கே தெரிஞ்சதை வெச்சு வாங்கினா சரி. நீ என் பேஷன்ட்டோட முட்டியை வெச்சு வாங்கியிருக்கே."

எதிர்ப்பக்கம் நீளமாகப் பேசிற்று. அவள் பாதியில் வெட்டினாள்.

"இரு. வாட்ஸப் க்ரூப்ல என்ன எழுதின?... ஜாலிக்கா? நான் படிக்கறேன். 'எங்க அக்காதான் ஸ்கேன் எடுத்தா, கண்ணை மூடிட்டு நோ வாங்குங்க.' நாப்பது பேர் இருக்கற க்ரூப். அதுல ஒருத்தரோட வொய்ஃப் எங்க ஃப்ரன்ட் டெஸ்க்ல இருக்காங்க... டெலீட் பண்ணிட்டியா? ஸ்க்ரீன்ஷாட் எங்கிட்ட இருக்கு."

...

"அழாதே... பத்ரி, அழாதேங்கறேன்."

வேலையிழந்த வருஷம் எட்டு மாதம் அவள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தவன். அப்போதுகூட அவன் அழுது அவள் கேட்டதில்லை. அவள் குரல் சற்று இறங்கியது.

"தப்பு எம்மேலயும் இருக்கு. பேஷன்ட்டைப் பத்தி நான் வாயே திறந்திருக்கக் கூடாது... இல்ல. ஆபீஸ்ல சொல்லாம எப்படி இருக்க முடியும்? காலைல ஒம்போது மணிக்கே மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்... ஆமா, உன் பேரையும்தான். பேட்ஜை வாங்கிட்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் வரவேணாமாம். லைசென்ஸ் தங்குமான்னு தெரியலை."

அவன் ஏதோ கேட்டான். வள்ளிக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லை.

"என்ன?... திருப்பிச் சொல்லு."

அவன் திருப்பிச் சொன்னான். அவள் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பத்ரி, எனக்கு வேலை போகப்போகுதுன்னு சொல்லிட்டிருக்கேன். நீ கேக்கறது உன் கிரீன் கார்டைப் பத்தி... இல்ல, சமாளிக்காதே. உன்னைக் கூப்பிடுவாங்க, உள்ளதைச் சொல்லு. அதுவரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே."

அவன் "அக்கா" என்று தொடங்குவதற்குள் போனை வைத்துவிட்டாள்.