இரண்டாவது கையெழுத்து

சின்னத் தொழிலுக்கு லிமிடெட் கம்பெனி ஒத்துவராது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். லிப்ட் ரிப்பேர் பார்க்கிற இரண்டு பேர், ஒரு மேசை, ஒரு கருவிப்பெட்டி. இதற்குப் போய் வருடா வருடம் தணிக்கை, டைரக்டர்கள் கூட்டம், தீர்மானம். நானும் என் தங்கையின் கணவனும் டீ குடித்துக்கொண்டே கூட்டத்தை முடித்துவிடுவோம். கம்பெனியைக் கலைத்துவிட்டு உங்கள் ஒருவர் பெயரிலேயே தொழிலை நடத்துங்கள் என்று ஆடிட்டர் வாய் வலிக்கச் சொன்னார். நல்ல யோசனைதான். அதற்கு இரண்டு டைரக்டர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

மாப்பிள்ளை மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"டைரக்டர்னு சொன்னா எந்தப் படம்னு கேக்கறாங்க மச்சான்," என்று சிரிப்பான். அந்தச் சொல்லின் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. ஒருநாள் சிரிக்காமல் சொன்னான். "கம்பெனின்னா நாம ரெண்டு பேரு. உங்க பேருக்கு மாத்திட்டா நான் உங்ககிட்ட வேலை பாக்கற ஆளு."

"சம்பளம் குறையாது மாப்ள."

"சம்பளத்தையா கேட்டேன்?"

எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஆரம்பித்த தொழில் அது. தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு அவனைச் சேர்த்துக்கொண்டேன், வேலையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச காலத்தில் போன் செய்பவர்கள் எல்லாம் "உங்க மாப்ளையை அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அனுப்பிவைப்பேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிப்டுக்குக் கீழே குழியில் இறங்குகிறவன், மேலே மோட்டார் அறையில் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கட்டை அவனிடம் இருக்கும்வரை யாராலும் லிப்டை நகர்த்த முடியாது. முதல் நாளே அவனுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவனோ கட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போவான். குனிந்து வேலை பார்க்கும்போது நெஞ்சில் குத்துகிறதாம். "உங்க பையில இருந்தா என் பையில இருந்த மாதிரிதானே மச்சான்." நானும் பலமுறை கண்டித்தேன். அது என் கடமை.

அன்றும் கொடுத்தான். மோட்டாருக்கு எண்ணெய் போடுகிறேன் என்று சொல்லி மேலேயே நின்றுகொண்டேன். அவன் குழிக்குள் இறங்கி, கதவைச் சாத்தி, ஸ்பிரிங்கைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கட்டையைப் பொருத்தினேன். இறக்குகிற பொத்தானை அழுத்தினேன். லிப்ட் நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை.

காரியம் முடிந்தபின் தங்கை அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். அது நடிப்பில்லை. அவன் பங்கு இப்போது அவளுக்கு, அதனால் கலைப்புக்கு அவள் சம்மதம் வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாண்ணா. அவரு இடத்துல என்னைப் போடு. நான் வேலைக்கு வரேன், நீ சொல்லிக்கொடு," என்றாள்.

மறுபடியும் இரண்டு கையெழுத்து. மறுநாளே கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் மோட்டார் அறைக்கு ஏறி வந்தாள். பியூஸ் கட்டை எது என்று கேட்டாள். காட்டினேன். அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். இனி அவளோடு தனியாக வேலைக்குப் போவது நல்லதில்லை என்று பட்டது.

கடைசியாக அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டீர்கள். சொன்னான். லிப்ட் அசைந்ததும் கீழேயிருந்து கத்தினான். "மச்சான், எப்படியோ கரண்ட் வந்திருச்சு, மோட்டார்லேருந்து கையை எடுங்க."

கடைசிவரை அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அந்த அளவுக்கு நான் அவனை நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறேன்.