ரோட்டைப் பாத்த ரூமு

ரஞ்சிதா: வருமானச் சான்றெல்லாம் வேணாங்க, பையில வைங்க. மாற்றுத்திறனாளிக்கு அடையாள அட்டை ஒண்ணே போதும். வக்கீலு, மனு எல்லாமே இங்க இலவசம்.

அழகுமலை: கேட்டியாத்தா... இதை வாங்க நான் தாலுகாபீசுல மூணு நாளு நின்னேன்.

செவந்தி: நின்னா என்ன, ஒங்களுக்குத்தான் ரெண்டு காலும் நல்லாருக்குல்ல.

ரஞ்சிதா: சிரிக்க வைக்காதீங்கக்கா, எழுத்து கோணுது. நான் ரஞ்சிதா, இந்த சட்ட உதவி மையத்துல தன்னார்வலர். நீங்க சொல்றதை எழுதி வக்கீலம்மாகிட்ட குடுப்பேன். இவரு யாரு, வீட்டுக்காரரா?

செவந்தி: ஐயோ, எனக்கு கல்யாணமே ஆகல. பஸ்சுல படி ஏற முடியாதுல்ல... இலுப்பூர்லேருந்து வண்டியில கூட்டிக்கிட்டு வந்தவரு.

ரஞ்சிதா: சரி, சொல்லுங்க.

செவந்தி: எங்கய்யா கட்டுன வீடு. முன்னால ரோட்டைப் பாத்து ஒரு ரூமு. அதுல செவந்தி தையக்கடை வைக்கட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எழுதி வைக்காமலே போய்ச் சேந்துட்டாரு. கவர்மெண்டு குடுத்த மோட்டார் மெஷினு அடுப்படியில கெடக்கு. நான் தைக்கிற ஜாக்கெட்டெல்லாம் மொளகாப்பொடியோடதான் போகுது.

அழகுமலை: போன வாரம் ஒரு டீச்சரம்மா அதைப் போட்டுக்கிட்டுத் தும்முனாங்க பாருங்க... அதையும் எழுதிக்கங்க.

செவந்தி: அதெல்லாம் மனுவுல வராது. நீங்க செத்த சும்மா இருங்க.

ரஞ்சிதா: இப்ப அந்த ரூமு யாருகிட்ட இருக்கு?

செவந்தி: எங்கண்ணங்கிட்ட. ஆவணி பொறந்ததும் அவரு மச்சினன் அங்க செல்போன் கடை போடப் போறான். பெயிண்டு கூட அடிச்சாச்சு.

அழகுமலை: பச்சைப் பெயிண்டு. கண்ணு கூசுது.

ரஞ்சிதா: அண்ணங்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?

செவந்தி: கேட்டா... மோட்டுவளையைப் பாப்பாரு.

அழகுமலை: பொண்டாட்டி வீட்டாளுகளைக் கண்டா அவனுக்கு நாக்கு எழும்பாதுங்க. தொடைநடுங்கி. அப்படியே எழுதுங்க.

செவந்தி: எழுதாதீங்க. சின்னப்புள்ளையில என்னை முதுகுல தூக்கிக்கிட்டுப் போய் பள்ளிக்கூடத்துல விட்டவரு. அஞ்சாப்பு வரைக்கும்.

அழகுமலை: அது அப்ப. நீ இப்படி எரக்கம் பாத்தா கேசு நிக்காதுத்தா.

ரஞ்சிதா: ஒங்களுக்கு என்னண்ணே அவரு மேல இவ்வளவு கோவம்?

அழகுமலை: தெனமும் அந்த மூஞ்சியைப் பாக்குறேன்ல...

ரஞ்சிதா: சரி, எடுத்த ஒடனே கேசு வேணாம்க்கா. அப்பா எழுதி வைக்கலைன்னா பொண்ணுக்கும் பங்கு உண்டு. மொதல்ல அவருக்கு நோட்டீஸ் குடுத்து, ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசுவோம். ஒத்துக்கிட்டா லோக் அதாலத்துல உத்தரவே வாங்கிரலாம். அப்புறம் யாரும் மாத்திப் பேச முடியாது.

அழகுமலை: அவன் மாமியா வீடு கூடவா?

ரஞ்சிதா: யாருமே.

அழகுமலை: கோர்ட்டு உத்தரவு, என் கையில என்ன இருக்குன்னு... அவன் வீட்டுல சொல்லிக்கிரலாம்ல?

ரஞ்சிதா: தாராளமா. அதுக்கு நீங்க ஏண்ணே இப்படிச் சிரிக்கிறீங்க?

செவந்தி: வண்டியில வர்றப்பலேருந்தே இப்படித்தான்.

ரஞ்சிதா: ஆனா ஒண்ணு. நோட்டீசுன்னா பல பேரு கதவைச் சாத்திக்குவாங்க. ஒங்கண்ணன் வாங்குவாரா?

செவந்தி: வாங்குவாரு.

ரஞ்சிதா: இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க... சரி, அவரு பேரு?

செவந்தி: நீங்களே சொல்லுங்க.

அழகுமலை: அழகுமலை. அப்பா பேரு அடைக்கலம். தபால்ல மட்டும் அனுப்பிராதீங்க தாயி, வீட்டுல பிரிச்சிருவாக. இங்கயே குடுங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்.

ரஞ்சிதா: அது எப்படிங்க... அவரு நோட்டீசை நீங்க எப்படி வாங்குறது?

அழகுமலை: வேற யாரு வாங்குவா? அந்தத் தொடைநடுங்கி நான்தாங்க.