மருந்துத் தொட்டி

உட்காருங்கள் சார். வரும்போது பூட்ஸை வாசல் தொட்டியில் நன்றாக நனைத்துவிட்டு வந்தீர்கள், பார்த்தேன். பாதிப் பேர் பூனை மாதிரி நுனியை மட்டும் நனைத்துவிட்டு நழுவுவார்கள். உள்ளே இப்போது ஒரு கோழிகூட இல்லைதான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

பண்ணை தம்பியுடையது, கேட் என்னுடையது. தொட்டியில் கிருமி மருந்து ஊற்றுவது, மிதிக்காதவனைத் திருப்பி அனுப்புவது, கையுறை முகக்கவசம் வைத்த அலமாரிக்குச் சாவி வைத்திருப்பது, எல்லாம் நான்தான். தம்பியின் மாமியாரையே புதுச் செருப்போடு மிதிக்க வைத்தவன். வேலையாட்கள் எனக்குத் 'தொட்டி' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஆனால் தம்பி அப்படியில்லை. அப்பா போன பிறகு நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. 'அண்ணே, அண்ணே' என்று காலையே சுற்றி வருவான். ஒருநாள் தீவன வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் ஏதோ ஞாபகத்தில் தொட்டியைத் தாண்டி முன்னால் நடந்துவிட்டேன்.

"என்ன தொட்டி, உபதேசம் ஊருக்குத்தானா? நீ மிதிக்க மாட்டியா?" என்றான்.

வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வந்து மிதித்தேன். உள்ளுக்குள் எரிந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரம் ஏரியில் காட்டு வாத்துகள் செத்து ஒதுங்கியிருந்தன. பறவைக் காய்ச்சல், கரைப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்குக் காலாற நடப்பது பிடிக்கும். பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். நல்ல காற்று. எச்சமும் சேறுமாகக் கிடந்த இடத்தில் கொஞ்சம் நின்று நடந்தேன். பிறகு ஷூவைப் பையில் போட்டு, செருப்போடு வந்து, தொட்டியை மிதித்துவிட்டுத்தான் பண்ணைக்குள் போனேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்குள் போன பிறகுதான் ஷூவை மாற்றினேன். தீவனத் தட்டுகளின் ஓரமாக ஒரு நடை. கோழிகள் ஷூவைக் கொத்திக் கொத்தி விளையாடின. பாவம், வாயில்லா ஜீவன்கள்.

கொண்டை நீலம் பாய்ந்து அவை சரியத் தொடங்கியதும் வேலையாட்கள் பயந்து ஓடிவிட்டார்கள். தம்பி ஒற்றை ஆளாக, அழுதுகொண்டே, செத்ததையெல்லாம் வெறுங்கையால் அள்ளி மூட்டை கட்டினான். அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கே மனசு கேட்கவில்லை. "மூக்கத் தொடாதடா" என்று எட்ட நின்று சொன்னேன். நான் இரண்டு முகக்கவசம் போட்டிருந்தேன், அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

அப்புறம் காய்ச்சல், அப்புறம் மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அடக்கத்தையும் அண்ணன் முறைக்கு ஒரு குறையும் இல்லாமல் நடத்தினேன்.

கோழிகளுக்கு நோயைக் கொண்டுவந்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். தம்பிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அலமாரி நிறையக் கையுறை இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

கேட்கவே இல்லையா என்கிறீர்கள். கேட்டான் சார். "சாவியக் குடு, சீக்கிரம் குடு" என்று கத்தினான். தேடுகிறேன் என்று சட்டையைத் தட்டிக்கூடப் பார்த்தேன், அவனுக்கு அவகாசம் கொடுத்தேன்.

கடைசிவரை 'அண்ணே' என்று சொல்லிக் கேட்கவில்லை.