சீருடை இல்லாத தலைவி

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஜொகூர் பாரு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“நேவில என் மகளுக்கு எல்லாரும் சல்யூட் அடிக்கிறாங்க. அவ திருப்பி அடிக்கக் கூடாதாம்” என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

“ஏன்க்கா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அவ சிவிலியன்லா, யூனிஃபார்ம் கிடையாது. ஆனா அங்க ஒரு பெரிய பிரிவுக்கே இப்ப அவதான் தலைவி. போன வாரம் கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க.”

“அலமாக்! நம்ம மாலதியா? பதினெட்டு வயசுல நேவில சேரப் போயி, கண்பார்வை பத்தலன்னு திருப்பி அனுப்பினாங்களே?”

“அவளேதான். அன்னிக்கு நேவி முகாம்லேருந்து கோத்தா திங்கி டவுன் வர்ற வரைக்கும் பஸ்ல அழுதுகிட்டே வந்தா. அப்புறம் படிச்சு, பரீட்சை எழுதி, ஆபிஸ் வேலைக்குன்னு அதே நேவிக்குள்ள போனா.”

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“தலைவியான முதல் நாளே கூட்டிட்டுப் போனா. வாசல்ல ஒரு ஆபிசர் அவளுக்கு சல்யூட் அடிச்சாரு. ‘சார், இவங்க என் அம்மா’ன்னா. உடனே எனக்கும் ஒண்ணு அடிச்சாரு.”

“ஐயோ, நீங்க என்னக்கா செஞ்சீங்க?”

“எனக்கு என்ன தெரியும்? கையெடுத்துக் கும்பிட்டேன்.”